அடுப்பங்கரையில் இருக்கும் அமுதம்

உயிர் காக்கும் மருந்து என்றால், மக்கள் மனதில் என்ன தோன்றும்?

பெரிய ஆஸ்பத்திரி தோன்றும். வெள்ளை அங்கி போட்ட டாக்டர் தோன்றுவார். ஊசி தோன்றும். தலைமாட்டில் தொங்கும் குளுக்கோஸ் புட்டி தோன்றும்.

உப்பு தோன்றாது. சர்க்கரை தோன்றாது. தண்ணீர் தோன்றவே தோன்றாது.

ஆனால் இந்த மூன்றும் ஒன்று சேர்ந்து, கடந்த 50 ஆண்டுகளில் 5 கோடிக்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றி இருக்கின்றன என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழந்தைகளின் உயிர்கள்.

இங்கிலாந்தில் இருந்து வரும் "லான்செட்" என்ற மருத்துவ இதழ், உலகப் புகழ் பெற்றது. 1978-ம் ஆண்டில் அந்த இதழ் இந்தக் கரைசலைப் பற்றி எழுதியது. இந்த நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களில் எல்லாவற்றையும் விட முக்கியமானதாக இது இருக்கக்கூடும் என்று அது பாராட்டியது.

இத்தனை பெருமை இருந்தும், நம் நாட்டில் பல வீடுகளில் இதற்கு மதிப்பு இல்லை. "உப்புத் தண்ணீரா? அது என்ன மருந்து? ஊசி போடுங்கள்" என்கிறார்கள்.

அந்தப் பேச்சு மாற வேண்டும். அதற்கு இந்த மருந்து பிறந்த கதை தெரிய வேண்டும்.

எமனாக வந்த காலரா

காலரா என்பது ஒரு கிருமியால் வரும் நோய். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் அந்தக் கிருமி வயிற்றுக்குள் போகும். போனதும் குடலில் ஒரு நஞ்சைக் கக்கும்.

அந்த நஞ்சு பட்டதும், குடல் தன் வேலையை மறந்து தலைகீழாக மாறிவிடும். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய குடல், உடம்பில் உள்ள தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்ட ஆரம்பித்துவிடும். கடுமையான காலராவில், ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல் கூடப் போய்விடும்.

கண் குழி விழும். நாக்கு வறளும். தோல் சுருங்கும். நாடி விழும். காலையில் வயலுக்குப் போன ஆள், இரவில் பிணமாகக் கிடப்பான். சிகிச்சை இல்லாவிட்டால், கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறந்து போவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆளைக் கொல்வது கிருமி அல்ல. உடம்பு வற்றிப்போவதுதான் கொல்கிறது. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், சில நாட்களில் கிருமி தானாகவே போய்விடும். ஆள் பிழைத்துக்கொள்வான்.

இது டாக்டர்களுக்கு முன்பே தெரியும். 1832-ம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற டாக்டர், காலரா நோயாளிகளின் ரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார். பிற்காலத்தில் அதுவே நல்ல சிகிச்சையாக வளர்ந்தது.

ஆனால் அதற்குச் சுத்தமான மருந்து நீர் வேண்டும். புட்டி வேண்டும். குழாயும் ஊசியும் வேண்டும். நாடி தேடி ஊசி குத்தத் தெரிந்தவர் வேண்டும். காலரா வருவதோ, இவை எதுவும் இல்லாத இடத்தில்!

அப்படியானால், வாய் வழியாகவே தண்ணீர் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் நிற்கவில்லை. உப்புத் தண்ணீரும் நிற்கவில்லை. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

சர்க்கரை திறந்த கதவு

இங்கேதான் விஞ்ஞானம் கை கொடுத்தது.

1960-ம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குடலைப் பற்றி ஒரு புதிய உண்மையை எடுத்துச் சொன்னார். உப்பும் சர்க்கரையும் குடலுக்குள் ஜோடியாக நுழைகின்றன என்பதே அது.

மாப்பிள்ளையும் தோழனும் கை கோத்துக்கொண்டு கலியாணப் பந்தலுக்குள் நுழைவது போல, உப்பும் குளுக்கோசும் சேர்ந்து ஒரே வாசல் வழியாகப் போகின்றன. உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகிறது.

காலரா நஞ்சு, குடலின் மற்ற வேலைகளை எல்லாம் கெடுத்துவிடுகிறது. ஆனால் இந்த ஒரு வாசலை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை! ஆகவே, உப்போடு சரியான அளவு சர்க்கரையைச் சேர்த்துக் கொடுத்தால், குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நோய் இருக்கும்போதே உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த உண்மை வெளியாவதற்கு முன்பே, ஓர் இந்திய டாக்டர் இந்த வழியில் நடந்து பார்த்தார். கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார். 1953-ம் ஆண்டில் அதைப் பற்றி "லான்செட்" இதழில் எழுதினார். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1968-ம் ஆண்டில், டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் மறுபடியும் சோதித்தார்கள். வெளியே போகும் தண்ணீரை அளந்து, அதற்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். புட்டி மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் பெரிய டாக்டர்கள் தயங்கினார்கள். "அது ஆராய்ச்சி நிலையம். அங்கே அளப்பதற்கு ஆள் இருக்கிறது. வெளியே, படிக்காத ஏழை மக்களிடம் இது நடக்குமா?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பதில், ஒரு பெரிய துயரத்தின் நடுவில் கிடைத்தது.

அகதி முகாமில் ஒரு சோதனை

1971-ம் ஆண்டு. வங்காள தேசம் விடுதலைக்காகப் போராடிய ஆண்டு.

கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளியது. உயிருக்குப் பயந்து, ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். கட்டிய துணியோடு வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தார்கள். எல்லையில் முகாம்கள் எழுந்தன.

மழை வந்தது. முகாம்களில் சேறும் கழிவும் கலந்தன. குடிதண்ணீர் கெட்டது. காலரா புகுந்தது.

மேற்கு வங்காளத்தில் எல்லை ஓரத்தில் இருக்கும் ஊர் பன்காவ். அங்குள்ள சிறிய ஆஸ்பத்திரிக்கு, கல்கத்தாவில் இருந்து ஒரு டாக்டர் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் திலீப் மகாலனபிஸ். குழந்தை வைத்தியர். அப்போது அவருக்கு வயது 36.

அங்கே 2 அறைகள்தான் இருந்தன. அவை நிரம்பி வழிந்தன. கட்டிலில் இடம் இல்லாதவர்கள் தரையில் கிடந்தார்கள். தரை முழுவதும் வாந்தியும் பேதியும். அதில் மண்டியிட்டுத்தான் டாக்டர்கள் நோயாளிக்கு ஊசி ஏற்ற வேண்டி இருந்தது.

சில நாட்களில் புட்டி மருந்து தீரும் நிலை வந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

மகாலனபிஸ் முன்னே இரண்டே வழிகள் இருந்தன. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒன்று. பெரிய டாக்டர்கள் நம்பாத அந்தக் கரைசலைக் கொடுத்துப் பார்ப்பது மற்றொன்று.

அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இவ்வளவுதான் மருந்து. கல்கத்தாவில் இவற்றை நிறுத்துப் பொட்டலம் கட்டினார்கள். பொட்டலங்கள் பன்காவுக்கு வந்தன. பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள்.

யார் அளப்பது? யார் ஊட்டுவது? நர்சுகள் இல்லை. மகாலனபிஸ் அந்த வேலையை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்தார். தாய் மகனுக்கு ஊட்டினாள். அண்ணன் தம்பிக்கு ஊட்டினான். பீப்பாயில் இருந்து குவளையில் பிடித்து, மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள்.

அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாகத்தோடு கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க, எந்தத் தாய்க்குப் பாடம் வேண்டும்?

முடிவு என்ன?

அதுவரை 100 நோயாளிகளில் 30 பேர் வரை இறந்துகொண்டு இருந்தார்கள். கரைசல் வந்த பிறகு, இறந்தவர்கள் 100-க்கு 4 பேருக்கும் குறைவு! சரியாகச் சொன்னால் 3.6 சதவீதம். ஏறத்தாழ 2 மாதங்களில் 3 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு அங்கே சிகிச்சை நடந்தது.

"படிக்காத மக்களிடம் இது நடக்குமா?" என்ற கேள்விக்கு, பன்காவ் பதில் சொல்லிவிட்டது. நடக்கும். படித்த டாக்டர் நம்பினால் போதும்.

வீடு வீடாகச் சென்ற பெண்கள்

கண்டுபிடித்தாயிற்று. சோதித்தும் ஆயிற்று. இனி மக்களிடம் கொண்டு போக வேண்டும். இதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை.

அந்த வேலையை வங்காள தேசம் செய்து காட்டியது.

அங்கே "பிராக்" என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. பஸ்லே ஹசன் ஆபெத் என்பவர் 1972-ம் ஆண்டில் ஆரம்பித்தது. அந்த நிறுவனம் 1980-ம் ஆண்டில் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. நாட்டில் உள்ள ஒவ்வொரு தாய்க்கும் இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுப்பது என்பதே அந்தத் திட்டம்.

அதற்குக் கிராமங்களில் இருந்தே இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

கிராமத்து வீட்டில் குளுக்கோஸ் ஏது? வெல்லம் உண்டு. தராசு ஏது? விரல்கள் உண்டு. "மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கை வெல்லம். அரை சேர் தண்ணீர்." இதுதான் பாடம். அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் அளவுக்குக் கோடு கிழித்துக் காட்டினார்கள். தாயையே செய்யச் சொன்னார்கள். செய்ததை ருசி பார்த்துத் திருத்தினார்கள்.

அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்த முறை மிகவும் புதுமையானது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று மட்டும் பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு வேறு ஆட்கள் போய், சில தாய்மார்களைச் சோதித்தார்கள். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ, அந்த அளவுக்குத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம்!

மாணவி தேறினால்தான் ஆசிரியைக்குக் கூலி. நம் ஊர்ப் பள்ளிகளில் இப்படி ஒரு சட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும், முதலில் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். கரைசலையும் சரியாகச் செய்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே!

ஏன் என்று ஆராய்ந்தார்கள். இரண்டு காரணங்கள் வெளிவந்தன.

முதல் காரணம், கற்றுக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்கள் வீட்டில் நோய் வந்தால் அவர்களே மாத்திரையைத் தேடினார்கள். தனக்கு இல்லாத நம்பிக்கையை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

இரண்டாவது காரணம், வீட்டு ஆண்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. "என்னவோ உப்புத் தண்ணீர்" என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டையும் திருத்தினார்கள். கற்றுக்கொடுப்பவர்களை டாக்காவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போய், கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். தாய்மார்களின் முன்னால் அந்தக் கரைசலை அவர்களே குடித்துக் காட்டும்படி சொன்னார்கள். ஆண்களைக் கடைத்தெருவிலும் மசூதியிலும் சந்தித்துப் பேசினார்கள்.

10 ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அந்தப் பெண்கள் போய் வந்தார்கள். இன்று, இந்தக் கரைசலை உலகத்திலேயே அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று வங்காள தேசம்.

நம் நாட்டு நிலைமை

1980-ம் ஆண்டை ஒட்டி, உலகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் சுமார் 46 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். இப்போது அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்திருக்கிறது. நல்ல குடிதண்ணீர், கழிப்பிடம், தடுப்பு மருந்து, சத்துணவு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கரைசலின் பங்கு மிகப் பெரியது.

4 லட்சத்து 40 ஆயிரம் என்பதும் சின்ன எண் அல்ல. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 குழந்தைகள்! மருந்து அடுப்பங்கரையில் இருக்கும்போதே நேரும் சாவுகள் இவை.

2019 முதல் 2021 வரை இந்தியாவில் தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. வயிற்றுப்போக்கு கண்ட 100 குழந்தைகளில், சுமார் 61 குழந்தைகளுக்குத்தான் உப்பு-சர்க்கரைப் பொட்டலக் கரைசல் கொடுக்கப்பட்டது என்று அதில் தெரியவந்தது. இந்த மருந்து அகதி முகாம் மக்களிடம் சோதிக்கப்பட்டது இந்திய மண்ணில். ஆனால் அதே மண்ணில் 100-க்கு 39 குழந்தைகளுக்கு அது கிடைக்கவில்லை.

யார் மேல் குற்றம்?

டாக்டரைக் கேட்டால், "தாய்மார்கள் இதை விரும்புவது இல்லை. ஊசியும் மாத்திரையும்தான் கேட்கிறார்கள்" என்பார். தாயைக் கேட்டால், "டாக்டர் அதை எழுதித் தரவில்லையே" என்பாள்.

இதைப் பற்றி 2024-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பீகாரிலும் கர்நாடகத்திலும் 2 ஆயிரத்துக்கும் அதிகமான தனியார் வைத்தியர்களிடம், பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பிச் சோதித்தார்கள். "குழந்தைக்கு வயிற்றுப்போக்கு" என்று மட்டும் சொன்னவர்களில், 100-க்கு சுமார் 28 பேருக்குத்தான் கரைசல் எழுதித் தந்தார்கள். "எங்களுக்கு அந்தக் கரைசல் வேண்டும்" என்று சொன்னவர்களில், 100-க்கு சுமார் 55 பேருக்குக் கிடைத்தது!

ஒரே ஒரு வாய்ச்சொல். பலன் இரண்டு மடங்கு!

லாப ஆசையும், பொட்டலம் கையிருப்பு இல்லாததும் சிறிய காரணங்கள்தான். "இவர்கள் விரும்பமாட்டார்கள்" என்று வைத்தியர் தப்பாக நினைத்துக்கொள்வதே பெரிய காரணம் என்று அந்த ஆராய்ச்சி சொல்கிறது.

அவர் வாய் திறந்து சொல்வது இல்லை. இவர்கள் வாய் திறந்து கேட்பது இல்லை. நடுவில் குழந்தை வாடுகிறது.

பெயரில் இருந்த மோசடி

இன்னொரு கேடும் நடந்தது.

இந்தக் கரைசலை ஆங்கில எழுத்துகளில் சுருக்கி "ஓ.ஆர்.எஸ்." என்று சொல்வார்கள். அந்தப் பெயருக்கு நல்ல மதிப்பு வந்ததும், சில இனிப்புப் பானங்கள் அதே பெயரைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. வண்ண வண்ணப் பெட்டி. பழத்தின் படம். மருந்துக் கடையிலேயே விற்பனை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். பழ பானங்களிலோ பொதுவாக இதைப் போலப் பல மடங்கு சர்க்கரை இருக்கும். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் கதை தலைகீழாகிவிடும். அது உடம்பில் உள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு அதிகமாகும். அமுதம் என்று வாங்கியது நஞ்சாகிவிடும்.

2025-ம் ஆண்டு அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்குத் தடை போட்டது. சரியான அளவில் செய்யப்படாத பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கக்கூடாது என்று உத்தரவிட்டது.

நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவு போட்டுவிட்டால் மட்டும் போதாது. வாங்குகிறவர்களும் கண் திறந்து பார்க்க வேண்டும். "உலக சுகாதார நிறுவன முறைப்படி" என்று பொட்டலத்தில் எழுதி இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இதைவிட நல்ல பதில் கிடையாது.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டதும், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று சொல்லித் தண்ணீரை நிறுத்துகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை. போகப் போகக் கொடுக்க வேண்டும்.

பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். பொட்டலத்தில் எழுதி இருக்கும் அளவுத் தண்ணீரில், முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று குத்துமதிப்பாகக் கரைக்கக்கூடாது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. வாயில் விட்டுப் பார்த்தால், கண்ணீரை விட உப்புக் கரிக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் நல்லதே.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்கு அரை டம்ளரில் இருந்து ஒரு டம்ளர் வரை கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாக மறுபடியும் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ, மயங்கித் துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கரைசல் டாக்டருக்குப் பகை அல்ல. டாக்டரிடம் போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் தோழன் அது.

மலிவு ஒரு குற்றமா?

"உப்பையும் சர்க்கரையும் கொடுத்து ஏழைகளை ஏமாற்றுகிறார்கள். நல்ல குடிதண்ணீரும் சாக்கடையும் அல்லவா கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நல்ல தண்ணீர் ஓடும் ஊரில் காலராவுக்கு வேலை இல்லை. அதை அரசாங்கம் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் குழாய் பதித்து முடியும் வரை, இன்று இரவு வயிற்றுப்போக்கால் துடிக்கும் குழந்தை காத்திருக்குமா? குழாயும் வேண்டும். கரைசலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளக்கூடாது.

உண்மையில் இந்த மருந்துக்கு உள்ள ஒரே குறை, அது மலிவாக இருப்பதுதான்! விலை கூடினால் மதிப்பு கூடும் என்று மக்கள் நினைக்கிறார்கள். ஊசி குத்தினால் வலிக்கிறது. ஆகவே அது வைத்தியம். கரைசல் இனிக்கிறது; ஆகவே அது வைத்தியம் இல்லை!

இந்த மலிவு சும்மா வந்தது அல்ல. அதற்குப் பின்னால் விஞ்ஞானிகளின் உழைப்பு இருக்கிறது. பன்காவ் தரையில் மண்டியிட்ட டாக்டர்களின் துணிவு இருக்கிறது. 10 ஆண்டுகள் சேற்றிலும் வெயிலிலும் நடந்த கிராமத்துப் பெண்களின் கால் வலி இருக்கிறது.

திலீப் மகாலனபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபரில், தமது 87-வது வயதில் கல்கத்தாவில் காலமானார். 2023-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் பட்டம் அறிவித்தது. அதை வாங்க அவர் இல்லை. பன்காவ் முகாமுக்கும் அந்தப் பட்டத்துக்கும் இடையே 52 ஆண்டுகள்! சினிமா நட்சத்திரத்தையும் கிரிக்கெட் வீரரையும் ஒரே நாளில் தலையில் தூக்கி வைக்கும் நாடு, கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்தவரை அடையாளம் காண அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

போனது போகட்டும். அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒவ்வொரு பள்ளியிலும் 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். புத்தகத்தில் படித்து ஒப்பித்தால் போதாது. கையால் கரைத்து, ருசி பார்த்துக் கற்க வேண்டும். ரேஷன் கடையில் உப்பும் சர்க்கரையும் வாங்கும் இடத்தில், செய்முறையைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வங்காள தேசத்தில் செய்தது போல, வீட்டு ஆண்களையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும். ஆனால் ஒரு காரியத்துக்கு யார் உத்தரவும் வேண்டாம்.

அடுத்த முறை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று டாக்டரிடம் போகும் தாயோ தகப்பனோ, "ஊசி போடுங்கள்" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

"ஐயா, பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எழுதிக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேட்டால் போதும்.

கேட்பதற்குக் காசு வேண்டாம். படிப்பு வேண்டாம். கேட்காமல் இருந்தால் இழக்கப்போவது ஓர் உயிர்.